நாலு கட்டை: அப்பாவின் ஆர்மோனியப் பெட்டியைப் பழுது பார்த்த கதை

போன மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை இரவு. மகள் தூங்கிய பிறகு நானும் என் மனைவியும் மடிக்கணினியில் 'ஒன்ஸ்' பார்த்தோம். 2007இல் வெளிவந்த அயர்லாந்துப் படம். டப்ளின் தெருவில் நின்று கிதார் வாசிக்கும் ஒருவன், பூ விற்றும் வீடுகளைத் துப்புரவு செய்தும் பிழைக்கும் ஒரு செக் நாட்டுப் பெண். கடைசிவரை இருவருக்கும் பெயர் கிடையாது. பகலில் அவன் தன் அப்பாவின் கடையில் வெக்யூம் கிளீனர் பழுது பார்க்கிறவன். அவளிடம் பழுதான வெக்யூம் கிளீனர் ஒன்று இருக்கிறது. மறுநாள் அதைத் தெருத்தெருவாக இழுத்துக்கொண்டே அவனிடம் வந்து நிற்பாள்.

நான் செம்பனை (பாமாயில்) ஆலையில் ஃபிட்டர். பழுது பார்க்கிறவன் பாட்டும் கட்டுகிறான் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

படத்தில் ஒரு காட்சி. அவன் மெட்டுப் போட்டுப் பதிவு செய்த வட்டை அவளிடம் கொடுத்து, வரி எழுதச் சொல்கிறான். இரவில் அவள் எழுதிக்கொண்டிருக்கும்போது வட்டு போட்டுக் கேட்கும் கருவியின் பேட்டரி தீர்ந்துபோகிறது. மகளின் உண்டியலிலிருந்து சில்லறையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகிறாள். புதுப் பேட்டரியைப் போட்டு, காதில் மாட்டிக்கொண்டு, தான் எழுதிய வரியைப் பாடியபடியே நடந்து வருகிறாள். அந்த நடை முழுவதும் ஒரே பாட்டு. அது முடிந்தபோது என் மனைவி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்: "ஏங்க, மாமா பெட்டி இன்னும் அலமாரி மேலதான இருக்கு?"

அப்பா இறந்து ஒன்பது வருடம். பெட்டியைப் பழைய வேட்டியில் சுற்றி மேலே ஏற்றியதும் நான்தான். அதற்கப்புறம் தொடவில்லை.

எங்கள் ஊர் மலேசியாவில் உள்ள சுங்கை சிப்புட். பக்கத்து ஊரான கோலாகங்சாரில் 1877இல் ரப்பர் கன்றுகள் நட்டார்கள். அதில் ஒன்று இன்றும் அங்கே மரமாக நிற்கிறது. இந்தச் சுற்றுவட்டாரத் தோட்டங்களுக்கு அதுதான் தொடக்கம். அப்பாவும் அம்மாவும் வேலை செய்த தோட்டம் இப்போது செம்பனை. தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகள் இல்லை. கோயில் இருக்கிறது. அந்தக் கோயிலில்தான் புரட்டாசி சனிக்கிழமைகளில் அப்பா இந்தப் பெட்டியை வாசிப்பார். 2009இல் டவுனிலிருந்து பஜனைக்கு வந்த ஒரு பெண் எனக்கு எதிரே உட்கார்ந்து ஜால்ரா தட்டினாள். என் தாளம் ஓடினால் அவள் கண்ணாலேயே இழுத்துப் பிடிப்பாள். மூன்று புரட்டாசி அப்படிப் போயின. நாலாவதில் எங்களுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. அதன் பிறகு வேலை, குழந்தை, ஷிப்ட்டு. பாடுவது நின்றுபோனது. நிறுத்த வேண்டும் என்று யாரும் முடிவு செய்யவில்லை.

மறுநாள் காலை பசியாறிவிட்டுப் பெட்டியை இறக்கினேன்.

கல்கத்தாவில் செய்த பெட்டி. 39 கட்டை, ஒவ்வொரு கட்டைக்கும் ஒலி எழுப்பும் இரண்டு ரீடு, ஆக 78 ரீடு. துருத்தியை இழுத்தால் பெருமூச்சு மட்டும் வந்தது. முன்னால் இருக்கும் ஸ்டாப்பர்களை எல்லாம் மூடிவிட்டு, உள் துருத்தி நிறையும் அளவுக்கு அடித்து, கையை எடுத்துக் கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று விநாடியில் காற்று முழுவதும் இறங்கிவிட்டது. நல்ல பெட்டி அரை நிமிடமாவது தாங்க வேண்டும்.

காற்று எங்கே போகிறது என்று கண்டுபிடிக்க எங்கள் ஆலையில் சோப்புத் தண்ணீர் தடவுவோம். மரத்திலும் அட்டையிலும் அதைச் செய்யக் கூடாது. சாமி மாடத்திலிருந்து ஓர் ஊதுபத்தியை ஏற்றி, மின்விசிறியை நிறுத்தி, சன்னலைச் சாத்திவிட்டு, மனைவியை அடிக்கச் சொல்லி, மடிப்பு மடிப்பாகப் புகையைக் கொண்டுபோனேன். புகை நேராக எழும்பும் இடத்தில் குறை இல்லை. விலகி ஓடும் இடத்தில் ஓட்டை. வெளித் துருத்தியின் நான்கு மூலையிலும் தோல் மக்கிப்போயிருந்தது. கீல் பக்கத்துத் துணி விரிசல் விட்டிருந்தது. அதைவிடப் பெரிய குறை உள்ளே இருந்தது. வெளித் துருத்தியிலிருந்து உள் துருத்திக்குக் காற்று போகும் துளைகளின் மேல் ஒரு தோல் மடல் உண்டு. காற்று உள்ளே போகும்போது திறக்கும், திரும்பி வராமல் மூடிக்கொள்ளும். அந்த மடல் காய்ந்த வெற்றிலை போலச் சுருண்டு கிடந்தது. உள்ளே தள்ளிய காற்று அப்படியே திரும்பி வந்துகொண்டிருந்தது.

பழைய தோலை ஒட்டியிருந்தது வச்சிரப் பசை. சுடுதண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் கொஞ்ச நேரம் வைத்தால் இளகிவிடும், கத்தியால் சுரண்டத் தேவையில்லை. அட்டை நனையாமல் பொறுமையாக எடுக்க வேண்டும். எனக்கு இரண்டு இரவு பிடித்தது.

புதிய தோலுக்கு முதலில் உறுமி மேளம் வாசிக்கும் தம்பி ஒருவரிடம் போனேன். நல்ல ஆட்டுத்தோல் கொடுத்தார். அது பதனிடாத தோல். மேளத்துக்கு விறைப்பு வேண்டும், துருத்திக்கு வேண்டியது நெகிழ்வு. மடித்ததும் முறுக்கிக்கொண்டு நின்றது. கடைசியில் கைகொடுத்தது என் மனைவியின் பழைய தோல் கைப்பை. ஓரங்களைச் சவர பிளேடால் தாள் கனத்துக்குச் சீவினால்தான் மடிப்பில் உட்காரும். நடுவில் கனம் இருக்கலாம், ஓரத்தில் இருந்தால் அங்கேயே மறுபடி காற்று ஒழுகும். சீவும்போது முதல் இரண்டு துண்டும் கிழிந்துபோயின. மூன்றாவதிலிருந்து கை பழகியது.

துணிக்கு அம்மா ஒரு யோசனை சொன்னார். அம்மா 31 வருடம் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். "பால தடவுனா காத்து போவாதுடா. மழைக்கு மேல போடுற சாக்குக்கெல்லாம் நாங்க பால்தான் பூசுவோம்." சிறு தோட்டம் வைத்திருக்கும் மாமா ஒருவரிடமிருந்து ஒரு போத்தல் பச்சைப் பால் வாங்கி வந்தேன். பருத்தித் துணியில் இரண்டு பூச்சுப் பூசிக் காயவைத்தேன். மறுநாள் வாயை வைத்து ஊதிப் பார்த்தால் காற்று ஒரு துளி போகவில்லை. அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். நல்லவேளை, துருத்தியில் ஒட்டும் முன் ஒரு துண்டை நாலாக மடித்து, வெயில்படும் சன்னலோரம் மூன்று நாள் வைத்தேன். மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிரிக்க வரவில்லை. பச்சை ரப்பர் சூட்டில் பிசுபிசுக்கும். கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால்தான் அந்தக் குணம் போகும். அமெரிக்கர் சார்ல்ஸ் குட்இயர் 1839இல் கண்டது அதைத்தான். சாக்கு விரித்தபடி இருந்ததால் அம்மாவுக்கு அது பலித்தது. துருத்தி மடிந்து மடிந்து விரிவது. அதனால் வெறும் பருத்தித் துணியைப் புத்தகம் கட்டுகிறவர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசையால் ஒட்டினேன். பசையில் கொஞ்சம் தண்ணீர் கலந்து, துணி முழுக்க ஊறும்படி தடவி ஒட்டினால் காய்ந்த பிறகும் மடியும். பெட்டியின் அடிப்பக்கத்தில், மடிப்பே இல்லாத ஒரு விரிசலில் மட்டும் அம்மாவின் பால் துணியை ஒட்டினேன். அது இன்றும் அங்கே இருக்கிறது.

பசை காய்வதற்குள் ரீடுகளைப் பார்த்துவிடலாம் என்று கட்டைப் பலகையைத் திருகு கழற்றித் தூக்கினேன். தலைகீழாகத் திருப்பினால் அடிப்பக்கத்தில் பித்தளை ரீடுகள் வரிசையாக நிற்கின்றன. முதல் வேலை, 78 ரீடும் மாறிப்போகாமல் வைக்க ஓர் இடம். முட்டை அட்டைதான் சரி. ஓர் அட்டையில் 30 குழி, மூன்று அட்டை. குழிக்குள் எண் எழுதுவதை மகள் எடுத்துக்கொண்டாள்.

ரீடு என்பது ஒரு பித்தளைச் சட்டம், அதன் நடுவே ஒரு நீளத் துளை, துளைக்கு மேல் ஒரு பித்தளை நாக்கு. ஒரு முனை அடித்துப் பொருத்தியிருக்கும், மறுமுனை சும்மா நிற்கும். காற்று போனால் நாக்கு துளைக்குள் ஆடும். நாக்குக்கும் சட்டத்துக்கும் நடுவில் இருக்கும் சந்து முடி அளவுதான். அந்தச் சந்தில் எங்கள் பெட்டியில் இருந்தது திருநீறு. இத்தனை வருட பஜனையில் பூசாரி தூவிய திருநீறு, சந்தனத் தூள், கற்பூரப் புகை எல்லாம் படிந்து இறுகியிருந்தது. அதன் மேல் பச்சைக் களிம்பு. ஒன்பது ரீடு பேசவே இல்லை. ஐந்து இரைந்தன. மென்மையான தூரிகையால் தட்டி, ஒரு மெல்லிய தாளை நாக்குக்கு அடியில் நுழைத்து உருவினால் பெரும்பாலானவை விழித்துக்கொண்டன. அந்தத் திருநீற்றைத் துடைத்துப் போட மனம் வரவில்லை. ஒரு தாளில் மடித்துச் சாமி மாடத்தில் வைத்தேன்.

இரைச்சல் போட்டவற்றை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். நாக்கின் இரண்டு பக்கமும் ஒரே கனத்தில் ஒளிக்கோடு தெரிந்தால் சரி. ஒரு பக்கம் கோடு மறைந்தால் நாக்கு அங்கே உரசுகிறது. மெல்லிய பிளேடு முனையால் ஒரு நூல் நகர்த்தினால் போதும். நுனி எவ்வளவு தூக்கி நிற்கிறது என்பதும் முக்கியம். அதிகம் தூக்கினால் காற்றை விழுங்கிவிட்டு மெதுவாகத்தான் பேசும். சட்டத்தோடு படிந்து கிடந்தால் வேகமாக அடித்ததும் மூச்சடைத்து நிற்கும். நான் பழுதில்லாத ரீடு ஒன்றை மாதிரியாக வைத்துக்கொண்டு மற்றவற்றை அதற்கு ஒப்பிட்டேன்.

இரண்டு ரீடுகளில் நாக்கின் அடியில் விரிசல். விரிசல் விட்ட நாக்கின் சுருதி சட்டென்று இறங்கிவிடும், அதைச் சரிசெய்ய முடியாது. புதியதுதான் போட வேண்டும். பினாங்கு லிட்டில் இந்தியாவில் பூசைப் பொருளோடு இசைக்கருவியும் விற்கும் கடை ஒன்றில் சொல்லி வைத்தேன். இரண்டும் சேர்த்து 24 வெள்ளி (ரிங்கிட்). குஜராத்தில் பாலிதானா என்ற ஊரில் ரீடு செய்வதையே தொழிலாக வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து வரவழைப்பதாகக் கடைக்காரர் சொன்னார். வந்து சேர இரண்டு வாரம் ஆகும்.

அந்த இரண்டு வாரத்தில்தான் பாட்டு பிறந்தது. இதை நான் திட்டமிடவில்லை.

துருத்தியின் ஒரு பக்கம் இன்னும் ஒட்டாமல் இருந்தது. ஒற்றைக் கையால் அடித்தால் காற்று போதவில்லை. நான் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து இரண்டு கையாலும் அடித்தேன், அவள் எதிரே உட்கார்ந்து ரீடுகளைச் சோதித்தாள். ஆர்மோனியம் 1842இல் பாரீஸில் அலெக்சாந்தர் தெபேன் காப்புரிமை வாங்கியபோது காலால் மிதிக்கும் கருவி. தரையில் உட்கார்ந்து ஒரு கையால் அடித்து மறு கையால் வாசிக்கும்படி 1875இல் கல்கத்தாவில் அதை மாற்றியமைத்தவர் துவாரகநாத் கோஷ். அதனால் நம் ஊர்களில் பெட்டி வாசிக்கிறவருக்கு எப்போதும் ஒரு கைதான் மிச்சம். அன்றைக்கு அவளுக்கு இரண்டு கையும் கிடைத்தது. இடது கையால் ச, ப இரண்டையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு வலது கையால் மெதுவாகத் தேடினாள். அவள் எந்தக் கட்டைக்குப் போகப் போகிறாள் என்று நான் பார்த்துக்கொண்டே அடிக்க வேண்டியிருந்தது. கீழே போகும்போது ரீடு பெரிது, காற்று அதிகம் வேண்டும். மேலே போகும்போது கையைத் தளர்த்த வேண்டும். பத்து நிமிடத்தில் அவள் மூச்சு இழுப்பது எனக்குக் கேட்டது. அந்த மூச்சுக்கு அடித்தால் போதும் என்று புரிந்தது.

அப்போதுதான் படத்தின் இன்னொரு காட்சி எனக்கு விளங்கியது. மதிய இடைவேளையில் ஒரு கடையில் பியானோ வாசிக்க அவளுக்கு அனுமதி உண்டு. அங்கே அவனைக் கூட்டிப் போகிறாள். அவன் தன் பாட்டின் கோர்வையைச் சொல்லிக் கொடுக்கிறான், அவள் தொட்டுத் தொட்டுப் பிடித்துக்கொள்கிறாள், கொஞ்ச நேரத்தில் அவன் குரலோடு அவள் குரல் தானாக வந்து சேர்கிறது. காதல் என்ற சொல் அங்கே இல்லை. அடுத்தவர் எந்தச் சுரத்துக்குப் போகிறார் என்று காத்திருப்பது மட்டும் இருக்கிறது. அதில் நடித்த கிளென் ஹான்சார்டும் மார்கெட்டா இர்க்லோவாவும் நிஜத்தில் பாடகர்கள், பாட்டுகளும் அவர்களுடையவை. இயக்குநர் ஜான் கார்னி முன்பு ஹான்சார்டின் குழுவில் பேஸ் கிதார் வாசித்தவர். மொத்தப் படமும் 17 நாளில் எடுத்தது. அந்தக் கடையில் அவர்கள் பாடிய பாட்டுக்குத்தான் 2008 பிப்ரவரியில் ஆஸ்கர் கிடைத்தது. எனக்கு அந்தப் பரிசைவிட, அவள் குரல் முதல் தடவை உள்ளே நுழையும் அந்த ஒரு கணம் பெரிது.

எங்களுக்கு முதல் சிக்கல் சுருதி. பெட்டியில் ச எங்கே வைப்பது? ஒருவரின் ச எந்தக் கட்டையில் விழுகிறதோ அந்தக் கட்டையின் எண்ணால்தான் அவர் சுருதியைச் சொல்வோம்; அரை என்று வந்தால் கறுப்புக் கட்டை. நான் பாடுவது ஒன்றரைக் கட்டை. அவள் ஐந்தரை. பஜனையில் ஒருவர் விட்டு ஒருவர் பாடுவோம், அப்பா சுருதி மாற்றிக் கொடுப்பார். ஒரே பாட்டை இருவரும் சேர்ந்து பாட வேண்டும் என்றால் நடுவில் ஓர் இடம் வேண்டும். ஒன்றரையிலிருந்து நாலு கட்டைக்கு நான் நாலு அரைச்சுரம் ஏற வேண்டும். ஐந்தரையிலிருந்து அவள் மூன்று அரைச்சுரம் இறங்க வேண்டும். அப்படி வந்தால் இருவருக்கும் ச ஒன்றேதான், அதே ஸ்தாயியில், சுமார் 175 ஹெர்ட்ஸ். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. மேல் ரி தாண்டினால் என் தொண்டை கட்டிக்கொள்ளும். கீழ் த-வுக்குக் கீழே அவளுக்குக் குரலே இல்லை. ஆகவே பாட்டு முழுவதும் அந்த எல்லைக்குள் நடமாட வேண்டும். எல்லை தெரிந்ததும் மெட்டு எளிதாகிவிட்டது. எவ்வளவு இடம் இருக்கிறது என்று தெரிந்தபின் எங்கே திரும்புவது என்று கை தானே கண்டுபிடிக்கிறது.

நாலு கட்டையில் மோகனம் வாசித்தால் எல்லாச் சுரமும் வெள்ளைக் கட்டையில் விழும். கறுப்புக் கட்டைகளின் ரீடுகள் பாதி இன்னும் முட்டை அட்டையில் கிடந்ததால் அதுதான் எங்களுக்குக் கிடைத்த ராகம். அவள் "தானன தானன தானனனா" என்று தத்தகாரம் போட்டபடியே கட்டையில் தேடினாள். இரண்டாம் நாள் பல்லவி வந்துவிட்டது. வரிகளை அவள் மின்சாரக் கட்டண ரசீதின் பின்னால் எழுதியிருந்தாள். அம்மாவைப் பற்றி.

நெத்தியில வெளக்கு கட்டி
நெரை நெரையாப் போற புள்ள
மங்கு எல்லாம் நெறஞ்ச பின்னும்
மனசு மட்டும் நெறயலையே

'போற புள்ள' இருக்கும் இடத்தில் நான் 'போன கண்ணே' என்று சொல்லிப் பார்த்தேன். அவள் உடனே மறுத்தாள். "லயத்துல யாரு கண்ணேன்னு கூப்புட்டா? புள்ளன்னுதான் கூப்புடுவாங்க." அவள் சொன்னதுதான் சரி. மூன்றாவது அடிக்கு அவள் முதலில் எழுதியது வேறு. 'மங்கு' என்ற சொல்லை நான் கொடுத்தேன். பால் சேரும் கோப்பையை எங்கள் ஊரில் யாரும் வேறு பெயரில் சொல்ல மாட்டார்கள். சொல்லை வாங்கிக்கொண்டு ஒரு முறை பாடினாள். 'மங்கு' என்று தொடங்கும்போது ப-வில் உதடு மூடித் திறந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவளை நான் அப்படிப் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. சொன்னேன். அவள் காதில் வாங்காதது போல அடுத்த அடியைப் பாடினாள், ஆனால் சுருதி கொஞ்சம் ஆடியது.

புது ரீடுகள் வந்தன. அதில் ஒன்று நாலு கட்டைக்கே உரியது, எங்கள் ச. அதுவரை அந்தக் கட்டையில் இரண்டில் ஒரு ரீடு மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

சுருதி சேர்ப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், செய்து பார்க்க நினைப்பவர்களுக்குப் பயன்படும். நாக்கின் நுனியில் சுரண்டினால் கனம் குறைந்து சுருதி ஏறும். அடியில் சுரண்டினால் விறைப்பு குறைந்து சுருதி இறங்கும். இரண்டுக்கும் மெல்லிய ஊசி அரம் போதும். நாக்கு வளையாமல் இருக்க அதன் அடியில் ஏதாவது தாங்கல் வேண்டும். என் கருவிப் பெட்டியில், சந்துகளை அளக்க வைத்திருக்கும் ஃபீலர் கேஜின் 0.10 மில்லிமீட்டர் தகடு அதற்கென்றே செய்தது போல நுழைந்தது. இரண்டு, மூன்று இழுப்புக்கு மேல் ஒரு தடவையில் கூடாது. சுரண்டியதும் பித்தளை சூடாகும், சூட்டில் சுருதி கொஞ்சம் இறங்கிக் காட்டும். ஆறட்டும். பிறகு பலகையில் பொருத்தி, பெட்டியை மூடி, ஒரே அளவான காற்றில் அடித்து அளக்க வேண்டும். கையில் வைத்து ஊதி அளந்தது பலகையில் மாறிவிடும்.

கைபேசிச் செயலியில் அளந்தபோது ஒன்று தெரிந்தது. பெட்டி முழுவதும் இன்றைய பொதுச் சுருதி அளவான 440 ஹெர்ட்ஸ் கணக்கைவிட 15 சென்ட் உயரத்தில் நின்றது. ஓர் அரைச்சுரத்துக்கு 100 சென்ட், ஆகவே இது சின்ன வேறுபாடு. பெட்டியின் கட்டைகள் எல்லாம் ஒன்றுக்கொன்று ஒத்தே இருந்தன. 78 ரீடையும் சுரண்டி 440க்குக் கொண்டுவருவதா, அப்பா வாசித்த சுருதியிலேயே விடுவதா? விட்டுவிட்டேன். எந்தக் கீபோர்டோடும் இது சேர்ந்து வாசிக்கப் போவதில்லை. பித்தளையைச் சுரண்டியதைத் திருப்பி ஒட்டவும் முடியாது. புது ரீடுகளை மட்டும் நுனியில் சுரண்டி 15 சென்ட் ஏற்றினேன். இரண்டாவது ரீடில் அவசரப்பட்டு 20 சென்ட் தாண்டிப் போய்விட்டேன். அடியில் சுரண்டி இறக்கினேன். சுருதி வந்தது, ஆனால் இரு முனையிலும் மெலிந்ததால் அது மற்ற ரீடுகளைவிட மெல்லப் பேசுகிறது, பலமாக அடித்தால் இலேசாக இரைகிறது. அதுதான் எங்கள் ச. அந்தத் தவறு எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அப்புறம் கறுப்புக் கட்டைகளும் வந்து சேர்ந்தன. நாலு கட்டையில் ம கறுப்பில் விழும். மோகனத்தில் ம கிடையாது, நி-யும் கிடையாது. சரணம் கட்டும்போது அவள் விரல் தன்னையறியாமல் அந்த ம-வைத் தொட்டது. நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "விடு, இருக்கட்டும்" என்றேன். ராகம் கெட்டது. ஆனால் 'அப்பன் கை பிடிச்ச நாளு' என்ற இடத்தில் அந்த ஒரு சுரம் இல்லாமல் பாட்டு நிற்காது. க-விலிருந்து ம-வுக்கு அவள் தொண்டையால் வளைத்துப் போகிறாள். பெட்டியால் அதைச் செய்ய முடியாது, ஒரு கட்டை விட்டு ஒரு கட்டை தாவத்தான் தெரியும். இந்தக் குறையைச் சொல்லித்தான் அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்தை ஒதுக்கி வைத்திருந்தது. அப்பா சொல்வார், "பெட்டி நேரா நிக்கட்டும், வளையறது தொண்டையோட வேலை." அவள் வளைக்கும் இடத்தில் நான் குரலில் க-வை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

துருத்தியின் கடைசிப் பக்கத்தையும் ஒட்டி, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, மறுபடி சோதித்தேன். 27 விநாடி தாங்கியது. இனி ஒருவரே அடித்து வாசிக்கலாம். ஆனால் இந்தப் பாட்டுக்கு மட்டும் நாங்கள் பழைய மாதிரியே உட்காருகிறோம்.

படத்தின் முடிவைப் பற்றி எங்களுக்குள் இன்னும் தீராத வழக்கு ஒன்று உண்டு. அவன் லண்டனுக்குப் போகிறான், போகும் முன் அவளுக்கு ஒரு பியானோ வாங்கி அனுப்பிவிட்டுப் போகிறான். அவளுடைய கணவன் திரும்பி வந்துவிட்டான். அவர்கள் சேரவில்லை. அந்தப் பியானோ போதும் என்பது என் எண்ணம். அவளால் இனி இடைவேளைக்குக் காத்திராமல் வாசிக்க முடியும். "பியானோவ வச்சிட்டு யாருக்கு வாசிப்பா?" என்று என் மனைவி கேட்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

பாட்டைக் கைபேசியில் பதிவு செய்தோம், ஞாயிறு இரவு, பக்கத்து வீட்டு நாய் அடங்கிய பிறகு, நாலாவது முறையில். படத்தில் ஸ்டுடியோவில் இரவெல்லாம் பதிவு செய்துவிட்டு, அதைக் காடியில், அதாவது காரில், போட்டுக் கேட்க எல்லோரும் கிளம்புவார்கள். சாதாரண ஒலிபெருக்கியில் எப்படி இருக்கிறது என்பதுதான் உண்மையான சோதனை என்பார்கள். நாங்களும் எங்கள் மைவி காடியை எடுத்தோம். மகள் தூங்கிக்கொண்டே வந்தாள். அம்மா பின்னால் உட்கார்ந்தார். டவுனைத் தாண்டி, பழைய தோட்டத்துக்குத் திரும்பும் முனையில், செம்பனை ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்தேன்.

காடியில் கேட்டபோது குறைகள் எல்லாம் தெரிந்தன. துருத்தியின் மூச்சு கேட்டது. இரண்டாம் அடியில் நான் கொஞ்சம் முந்திவிட்டேன். ச வரும் இடமெல்லாம் அந்தப் புது ரீடு இரைந்தது. ஆனால் 'புள்ள' என்று இருவரும் சேரும் இடத்தில் குரல் இரண்டு என்று தெரியவில்லை. என் மனைவி கையை எடுத்து கியர் மேல் இருந்த என் கைமேல் வைத்தாள்.

பாட்டு முடிந்தது. பின்னாலிருந்து கொஞ்ச நேரம் சத்தம் இல்லை.

"நாங்க கட்டுனது கார்பைட்டு வெளக்கு" என்றார் அம்மா. "அந்த நாத்தம் மூக்க விட்டு மத்தியானம் வரைக்கும் போவாது. உங்கப்பா பக்கத்துல வந்தாருன்னா அந்த நாத்தத்துலதான் எனக்குத் தெரியும். இருட்டுல மூஞ்சி எங்க தெரியும்? அதப் பாட்டுல வைக்கலியே."

என் மனைவி கைப்பையில் பேனா தேடினாள். எழுதக் காகிதம் இல்லை. சாலை வரி ரசீதை எடுத்துக் கொடுத்து, உள்விளக்கைப் போட்டேன்.